ஒரே வெட்டும் பதினேழு போன்களும்

இறைச்சிக் கூடத்தில் அவனுக்கு ஒரே வெட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை வாசிக்கிற குமாஸ்தாவைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டதில்லை.

மேலே ஓடும் கம்பியில், கொக்கிகளில் தொங்கிக்கொண்டு உரித்த மாடுகள் வரிசையாக வரும். ஒவ்வொரு மாடும் அவனைக் கடந்துபோக ஒன்பது விநாடி. அதற்குள் பின்தொடையை இடுப்பிலிருந்து பிரித்தாக வேண்டும். மற்றவர்கள் மூன்று நான்கு தடவை கத்தியை விட்டுத் துழாவுவார்கள். அவன் இடது கைக் கட்டைவிரலால் மூட்டைத் தொட்டுப் பார்ப்பான். கத்தியை ஒரு இழுப்பு இழுப்பான். தொடை, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி கழன்று தட்டில் விழும். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை, பத்து விரலும் பத்திரமாக இருந்தன. யோசிக்கிறவனைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். "நின்னு யோசிச்சே, உன் விரலைத் தட்டுல பொறுக்கணும்" என்பான் புதிதாகச் சேர்ந்தவர்களிடம்.

வெளியிலும் அவன் நடப்பு இதுதான். கல்யாணப் பேச்சு வந்தபோது "சரி" என்று ஒரே வார்த்தை. வாடகை வீடு பார்க்கப் போனபோது வாசலில் நின்றபடியே "இது போதும்." அண்ணனோடு தகராறு வந்தபோது ஒரே அறை; அதோடு பதினாலு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. மனைவியும் மகளும் அந்தக் கையை அறிவார்கள். அவன் தட்டைத் தள்ளிவைக்கிற சத்தத்தைக் கேட்டே அடுத்து என்ன வரும் என்று கணித்து நகர்ந்துவிடுவார்கள்.

கோபக்காரன், ஆனால் மனசில் ஒன்றும் கிடையாது என்று அக்கம்பக்கத்தில் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். மேஸ்திரி முன்னால் வராத கோபம், முதலாளியின் காரைக் கண்டதும் கைகட்டி ஒதுங்குகிற கோபம், வீட்டுக் கதவைத் திறந்ததும் மட்டும் வழி தெரிந்து வந்துவிடுகிறது என்றால், அதைக் கோபம் என்று சொல்வது சலுகை. அப்படி ஒரு சலுகையை அவனுக்கு எல்லோரும் கொடுத்திருந்தார்கள். அவனும் கூச்சமில்லாமல் அனுபவித்து வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தச் சலுகைக்கு விலை வந்தது.

கூடுதல் நேர வேலை முடிந்து, முழங்கைவரை மாட்டு வாடையோடு வந்தவன், குளிக்க வெந்நீர் வேண்டும் என்று கூப்பிட்டான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மகள் சமையலறை மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை கூப்பிட்டான். ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல.

"பெத்தவனுக்கு விரலைக் காட்டுறியா?"

போனைப் பிடுங்கினான். சுவரில் அடித்தான். அது மூன்றாகப் பிரிந்து மூன்று மூலைக்குப் போனது. பிறகு முதுகில் ஒன்று வைத்தான்.

மகள் அழவில்லை. எழுந்து நின்றாள். "பரீட்சை எழுதிட்டிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மற்றதை மனைவி வந்துதான் சொன்னாள். அவள் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கிற சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வருஷம் முழுக்க வெந்நீராவியில் நின்று குரல் கரகரத்துப் போயிருந்தது. மகள் செவிலியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம். பாடம், வருகைப் பதிவு, தேர்வு எல்லாமே பயிற்சிப் பள்ளியின் ஆப்பில்தான். பாதியில் நின்ற தேர்வுக்கு முட்டை. மறுதேர்வு ஒரே ஒரு தடவை, வரும் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. அதையும் விட்டால் இந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம் உதவித்தொகை கிடையாது, உதவித்தொகை இல்லையென்றால் படிப்பும் கிடையாது.

"பக்கத்து வீட்டுப் போனைக் கேட்டு வாங்கேன்."

"ஒரு போனுக்கு ஒரு பேருதாங்க. இன்னொருத்தர் போன்ல போட்டா ஏத்துக்காதாம். பழசுலயும் ஓடாதாம். நம்ம ரெண்டு பேருகிட்டயும் இருக்கறது பட்டன் போன்."

"சரி. நாளைக்கே புதுசு வாங்கித் தர்றேன்."

"பதினாலாயிரம் இருக்கு" என்றாள் மனைவி. அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அது துவைக்கிற இயந்திரம் வாங்கச் சேர்த்தது. ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கிறவள், வீட்டுத் துணியை மட்டும் இன்னும் கையால்தான் கசக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததுமே போய் நின்றான். உள்ளே போகிறோம், ஒன்றை எடுக்கிறோம், வருகிறோம். ஒரே வெட்டு.

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம், பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றாள். கம்பெனியே சம்பளம் கொடுத்து அந்தக் கடையில் நிறுத்தியிருக்கிற ஆள். இருபத்தைந்து வயது இருக்கும். காலையிலேயே நின்று நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலில் எடையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. என்ன பாக்குறீங்க?"

"போன்."

"எந்த மாடல்ணே?"

அவன் மேசையைக் குனிந்து பார்த்தான். பதினேழு போன்கள். பதினேழும் கறுப்பு முகம், பதினேழும் ஒரே அளவு. நோரா, நோரா ஏ, நோரா எஸ், நோரா லைட், நோரா ப்ளஸ், நோரா ப்ளஸ் எஸ், நோரா ப்ரோ என்று வரிசை வளைந்து அடுத்த சுவர்வரை போனது. ஒரே வீட்டில் பிறந்த பதினேழு பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கச் சோம்பல்பட்ட தகப்பன் யாரோ அதைச் செய்திருக்க வேண்டும்.

"எம் பொண்ணு பரீட்சை எழுதணும். அதுக்கு ஒண்ணு."

"அப்ப நோராவே போதும்ணே. ஒம்பதாயிரம்." எடுத்து வைத்தாள். அவன் கை சட்டைப்பைக்குப் போனது. அந்தக் கை அங்கே போய்ச் சேருவதற்குள் அவள் சொன்னாள்: "ஆனா பரீட்சைன்னு சொல்றீங்க. நடுவுல அப்படியே நின்னு தொங்கிட்டா என்ன பண்றது?"

"தொங்குமா?"

"தொங்கும்னு சொல்லலண்ணே. தொங்கிட்டான்னு சொல்றேன். ஆயிரம் போட்டா நோரா ஏ. இன்னும் ஆயிரம் போட்டா எஸ்."

எஸ்ஸை எடுத்து நோராவின் பக்கத்தில் வைத்தாள். பிறகு லைட்டை. "இது பதினொண்ணு ஐநூறு. ஆனா இதுல மெமரி எஸ்ஸை விடக் கம்மி."

"கம்மின்னா ஏன் விலை கூட?"

"அது அப்படித்தான்ணே. அதான் இதை யாரும் எடுக்கறதில்ல. பன்னெண்டு ஐநூறுக்குப் போனீங்கன்னா ப்ளஸ்ஸே கிடைக்குது பாருங்க, மூணு கேமரா."

"பரீட்சைக்கு எதுக்கு மூணு கேமரா?"

"பரீட்சை முடிஞ்ச பிறகும் பொண்ணு உங்க பொண்ணுதானேண்ணே?"

ஒன்பதில் தொடங்கியவன் பன்னிரண்டரையில் நின்றான். இன்னும் ஆயிரத்து நானூறு போட்டால் ப்ளஸ் எஸ். கையிலிருக்கிற பதினாலுக்குள்தான் வருகிறது. ஒவ்வொரு படியும் காலுக்கு எட்டுகிற உயரம்தான். அதற்காகத்தான் அப்படிக் கட்டியிருந்தார்கள். ஐயாயிரம் கூடக் கொடு என்று கேட்டால் சட்டையைப் பிடித்திருப்பான். ஆயிரம், ஐநூறு, மறுபடி ஆயிரம் என்று கேட்டால் யாரைப் பிடிப்பது?

பச்சைச் சட்டைக்காரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்பதாயிரம் போனை விற்றால் அவளுக்கு ஒரு பைசா கிடையாது. அடிமட்டப் போனோடு ஒருவரும் வெளியே போகக் கூடாது என்று மேனேஜர் காலையில் நிற்கவைத்துச் சொல்லியிருந்தான். பயத்தைத் தொட்டுக் காட்டினால் ஆள் தானாக ஏறுவான் என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் தொட்டுக் காட்டினாள். அவன் மூட்டைத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான்.

முக்கால் மணி நேரம் நின்றான். வேலைக்கு நேரமாகிவிட்டது. "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். கடையை விட்டு நூறு அடி நடந்த பிறகுதான் உறைத்தது, ஒன்றை முடிவு பண்ணாமல் அவன் திரும்பி வந்தது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. வழியில் குறுக்கே வந்த சைக்கிள்காரனை, தப்பு தன் பேரில் இருந்தும், கழுத்தைப் பிடித்துத் தள்ளினான்.

செவ்வாய்க்கிழமை போனான், ஒன்பது மாடல்களை வரிசையாக வைத்துப் பார்த்தான், திரும்பி வந்தான். வீட்டில் மகள் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு, அவன் உட்காரும்போது எழுந்து போனாள். சனிக்கிழமைக்கு நாலு நாள்.

புதன்கிழமை உடை மாற்றும் அறையில் அவன் வாய் தவறிக் கேட்டுவிட்டான்: "எஸ் நல்லதா, ப்ளஸ் நல்லதா?"

பன்னிரண்டு பேர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரிடமும் பதில் இருந்தது. ஒவ்வொருவனும் தான் வாங்கியதுதான் உலகத்திலேயே புத்திசாலி வாங்குகிற போன் என்றான். மாடுகளைக் கொக்கியில் மாட்டுகிறவன், தோள் இரண்டும் கதவை அடைக்கிற ஆள், "எஸ் வாங்குனவன் அறிவிருந்தா வாங்கியிருப்பானா?" என்றான். தோல் உரிக்கிறவன் எஸ் வைத்திருந்தான்.

"நீ வாங்குன லைட்டை ஊர்ல ஒருத்தனும் வாங்கலையாம். கடைக்காரன் உன் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் எடுத்துக் குடுத்திருக்கான்."

"எம் மூஞ்சிக்கு என்னடா?"

"கண்ணாடியில பாத்ததில்லையா, மச்சான்? அவ்வளவு கேவலமா இருக்கு."

சிரிப்பு அடங்குவதற்குள் கொக்கிக்காரனின் முழங்கை தோல் உரிப்பவனின் வாயில் இறங்கியது. ஈரத் தரையில் இருவரும் புரண்டார்கள். விலக்கப் போன ஒரே வெட்டின் காதை யாரோ பிடித்து இழுத்தார்கள். அவன் கிடைத்த விலாவில் குத்தினான். அது யார் விலா என்று பிறகுதான் பார்த்தான். பெஞ்ச் உடைந்தது. ஒரு பல் தண்ணீர் போகிற சாக்கடைக் கம்பியில் போய்ச் சிக்கி நின்றது. எந்தக் கம்பெனிக்காக அந்தப் பல் விழுந்ததோ, அந்தக் கம்பெனிக்கு இந்தக் கூடம் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. மேஸ்திரி குழாயைத் திறந்து, மாட்டைக் கழுவுகிற வேகத்தில் எல்லோர்மேலும் தண்ணீரைப் பீய்ச்சிய பிறகுதான் எழுந்தார்கள்.

மூக்கில் ரத்தத்தோடு ஒருவன் சொன்னான்: "வெள்ளிக்கிழமை விலை குறையுதாம்ணே. அதுவரைக்கும் வாங்கிடாதீங்க."

இப்படி இன்னொரு கதவு திறந்துகொண்டது. வியாழக்கிழமை அவன் கடைக்கே போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பது. கம்பி ஓடியது. அவனுக்கு எதிரே, கம்பியின் அந்தப் பக்கம், முன்தொடையை அறுக்கிற பல்லன் நின்றான். முன்பல் இரண்டும் எப்போதும் வெளியே சிரிக்கிற, யாரையும் நோகடிக்காத மனிதன். பதினோரு வருஷமாக இருவரும் ஒரே மாட்டின் இரண்டு பக்கம்.

கட்டைவிரல் மூட்டைத் தொட்டது. விலை குறைந்தால் ப்ளஸ் எஸ் பன்னிரண்டரைக்கு வந்துவிடும், அப்படியானால் ப்ளஸ் பதினொன்றுக்கு வரும், பதினொன்றுக்கு ப்ளஸ் வந்தால் எஸ்ஸை எதற்கு வாங்க வேண்டும், ஆனால் தொங்கிவிட்டால்? கத்தி பாதியில் நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நின்றது. மாடு நகர்ந்துகொண்டிருந்தது. பதறிப்போய் இரண்டாவது தடவை இழுத்தான். எலும்பில் வழுக்கிய கத்தி, மாட்டைத் தாண்டி, பல்லனின் முன்கையைத் திறந்தது.

மாட்டு ரத்தம் ஓடுகிற இடத்தில் மனித ரத்தம் தனியாகத் தெரியாது. பல்லன் கையைப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, நான் மாடு இல்லைடா" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். பிறகு முட்டி மடிந்து உட்கார்ந்துவிட்டான். பதினோரு தையல்.

மேஸ்திரி வந்து எல்லோர் முன்னிலையிலும் அவன் கன்னத்தில் அறைந்தான். ஒரே வெட்டு அசையவில்லை. கை தூக்கக்கூட இல்லை. கன்னம் எரிய எரிய நின்றபோது அவனுக்கு ஒன்று தெரிந்தது: என் கைக்கு அடங்கி நிற்கத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த நினைப்பு அறையைவிட வலித்தது.

"கத்தி உன்னுதுதானே? எடுத்துட்டுக் கிளம்பு. திங்கக்கிழமை முதலாளி வந்து சொல்றவரைக்கும் இந்தப் பக்கம் தலை தெரியக் கூடாது."

கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு, குமாஸ்தாவிடம் கையெழுத்துப் போடப் பொட்டலம் கட்டும் அறைக்குப் போனான். அவன் வெட்டிய தொடைகள் அங்கேதான் துண்டாகித் தட்டில் ஏறும். காகிதத்துக்காகக் காத்திருந்தபோது, எதிரே ஒரு பெண் ஒரே தொடையிலிருந்து எடுத்த துண்டுகளை நாலு விதத் தட்டில் அடுக்கி, நாலு விதமாகச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். 'குடும்பம்', 'மென்மை', 'சிறப்பு', 'தங்கத் தேர்வு'. நாலுக்கும் நாலு விலை. அவனுக்கு இது பழைய செய்தி. அதை விலை கொடுத்து வாங்குகிற மடையர்களை நினைத்து அவன் வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறான்.

"தங்கத் தட்டு எவ்வளவு போகும்மா?"

"எங்கண்ணே போகுது! ஒரு நாளைக்குப் பத்துத் தட்டு போனா பெருசு. அது விக்கிறதுக்கா? அதைப் பக்கத்துல வச்சாத்தான் 'சிறப்பு' மலிவாத் தெரியும். எல்லாரும் நடுவுல உள்ளதைத்தான் தூக்குவாங்க."

அவன் அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். குமாஸ்தா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான்.

சனிக்கிழமை காலை மனைவியிடம் சொன்னான்: "பதினொண்ணரைக்கு அவளைக் கூட்டிட்டுக் கடைக்கு வா. சிம்மை எடுத்துக்கச் சொல்லு." கத்தி பையில் இருந்ததை அவள் பார்த்தாள். "அது எதுக்குங்க?" என்று கேட்டாள். அவன் பையின் வாயைக் கட்டினான். அவள் அன்றைக்குச் சலவைக் கூடத்துக்குப் போகவில்லை.

பதினொன்று இருபது. விலை குறைகிறது என்ற செய்தியால் கடையில் கூட்டம் நெரிந்தது. குறைந்தது நோரா ப்ரோவுக்கு மட்டும், பதினேழிலிருந்து பதினாறு ஐநூறுக்கு. மற்ற பதினாறு போன்களும் அசையாமல் கிடந்தன. கடைசி ப்ளஸ் பெட்டிக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வாங்கண்ணே, முடிவு பண்ணிட்டீங்களா?"

"நோராவையும் ப்ளஸ்ஸையும் எடு. காட்சிக்கு வச்சிருக்கறதையே குடு."

இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினான். பத்து கிராம் வித்தியாசத்தைக் கை சொல்லிவிடும். இருபத்திரண்டு வருஷம் சொல்லியிருக்கிறது. கை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே எடை.

"ஒரே மாடு" என்றான்.

"என்னண்ணே?"

போன்களைக் கவிழ்த்து மேசையில் வைத்தான். பையிலிருந்து துணியை எடுத்துப் பிரித்தான். கத்தியைப் பார்த்ததும் பச்சைச் சட்டைக்காரி சுவரோடு ஒட்டினாள். பக்கத்தில் நின்ற கூட்டம், அலை உள்வாங்குவதுபோல் பின்வாங்கியது. யாரோ கூவினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. நோராவின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். மூட்டு கிடைத்தது. கத்தி முனையைக் கொடுத்து ஒரே இழுப்பு. முதுகு கழன்றது. ப்ளஸ்ஸுக்கும் ஒரே இழுப்பு.

உள்ளே, ஒரே பச்சைத் தகடு. ஒரே பேட்டரி, அதன்மேல் ஒரே எண். இரண்டாவதில், மூன்றாவது கேமரா இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடிக்குக் கீழே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பொத்தான். அதிலிருந்து எங்கும் எந்தக் கம்பியும் போகவில்லை.

கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். "இது என்னம்மா?"

"அது... சும்மாண்ணே. பொம்மை."

"வேற என்ன வித்தியாசம்?"

"மெமரி கொஞ்சம் கூட."

"பரீட்சைக்கு அது வேணுமா?"

"வேணாம்ணே."

"நோரா தொங்குமா?"

"தொங்காதுண்ணே." இதைச் சொல்லும்போது அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை.

கத்தியை விட்டுக் கை விலகிவிட்டது என்று உறுதியானதும் அவர்கள் அவன்மேல் விழுந்தார்கள். மேனேஜர், காவலாளி, பெட்டி இறக்க வந்த இருவர். முதல் அடி ஸ்டூலால் பின்கழுத்தில். கீழே விழுந்ததும் உதை. "கத்தியைக் கொண்டாந்து மிரட்டுறியா? நாயே!" வாயில் ஒரு பூட்ஸ். உதடு பிளந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த இருவரும்கூட ஒற்றுமையாக வந்து ஆளுக்கு ஒரு உதை கொடுத்தார்கள். அவர்கள் கையில் நோரா ப்ளஸ் பெட்டி இருந்தது. ஏமாந்தவனுக்குத் தன்னை ஏமாற்றியவன்மேல் வருவதைவிட, அதைத் திறந்து காட்டியவன்மேல்தான் சீக்கிரம் ஆத்திரம் வருகிறது.

அவன் திருப்பி அடிக்கவில்லை. தலையைக் கையால் மூடிக்கொண்டு சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று முப்பத்தைந்து.

வாசலில் மனைவி நின்றாள். பக்கத்தில் மகள்.

"விடுங்கய்யா!" கரகரத்த அந்தக் குரல் நீராவிக் கூடத்தில் நாலு இயந்திரத்தைத் தாண்டிக் கேட்கப் பழகியது. உதைத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன.

"உன் புருஷன் ரெண்டு போனை உடைச்சிருக்கான். கத்தியோட வந்திருக்கான். போலீஸைக் கூப்பிடப் போறேன்" என்றான் மேனேஜர், மூச்சு வாங்க.

அவள் மேசைக்கு வந்தாள். கவிழ்ந்து கிடந்த இரண்டையும் பார்த்தாள். பச்சைச் சட்டைக்காரி விரலால் அந்தக் கறுப்புப் பொத்தானைத் தொட்டுக் காட்டினாள்.

"கூப்பிடுங்க" என்றாள் மனைவி. "தாராளமாக் கூப்பிடுங்க. கத்தியை அவங்க பாக்கட்டும். இந்தக் குருட்டுக் கண்ணையும் நான் கையில எடுத்து இத்தனை பேர் முன்னாடியும் காட்டுறேன். இதுக்கு எவ்வளவு வாங்குறீங்கன்னும் கேக்குறேன்."

கூட்டத்தில் பெட்டியை வைத்திருந்தவர்கள் பெட்டியைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். மேனேஜர் அதைக் கவனித்தான். குரலை இறக்கினான். கையிலிருக்கிற பணம் முழுவதையும் வைத்துவிட்டு, உடைந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு உடனே போய்விட வேண்டும் என்றான். அவள் அவன் சட்டைப்பையிலிருந்த பதினாலாயிரத்தை எடுத்தாள்; எண்ணி வைக்கவில்லை, சுருட்டியபடியே எறிந்தாள்.

மகள் இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். "இதுல எது ஓடுது?" என்று பச்சைச் சட்டைக்காரியைக் கேட்டாள்.

ப்ளஸ் ஓடவில்லை. நோராவின் திரை ஒளிர்ந்தது, அணைந்தது. திரைக்குப் போகிற நாடாவைப் பிடித்திருந்த பட்டையைக் கத்தி பெயர்த்துவிட்டிருந்தது. பின்னாலிருந்து அந்த இடத்தை அழுத்தினால் ஒளிரும், விட்டால் இருட்டு. பச்சைச் சட்டைக்காரி சிம்மைப் போட்டாள். கடையின் வைஃபை கடவுச்சொல்லைத் தானே தட்டினாள். "ஏய்!" என்றான் மேனேஜர். "வேலையை விட்டுத் தூக்கினா தூக்குங்க சார்" என்றாள் அவள். அடுத்து வந்த சொல்லை நல்லவேளையாக விழுங்கினாள். ஆப் இறங்கியது. பதினொன்று ஐம்பத்தாறு.

கடை வாசற்படியில் மகள் உட்கார்ந்தாள். அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுத முடியவில்லை. தட்டும்போதெல்லாம் பின்னாலிருந்த விரல் நழுவித் திரை இருண்டது. அவன் தவழ்கிற மாதிரி வந்து எதிரே உட்கார்ந்தான். கேட்கவில்லை. போனுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேடினான். கண்டுபிடித்தான். திரை ஒளிர்ந்து நின்றது.

பன்னிரண்டு. ஐம்பது கேள்விகள், நாற்பது நிமிஷம். அவள் எழுதத் தொடங்கினாள். அந்த ஒன்பதாயிரம் போன் ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் படியில் அவர்களைச் சுற்றிக் கடந்தார்கள். ஒருவன் அவன் காலை மிதித்துவிட்டு, "வழியில உக்காந்துட்டு" என்று திட்டிவிட்டுப் போனான். விலாவில் ஏதோ உடைந்திருந்தது; மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் அது கத்தியாகக் குத்தியது. பாதிக்கு மேல் போனதும் கை மரத்தது. கட்டைவிரல் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. திரை ஒளிர்வதை வைத்துத்தான் இருக்கிறது என்று அறிந்தான்.

முப்பத்தோராவது கேள்வியில், அவன் உதட்டிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் திரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் இருந்த விடையைத் திரை எடுத்துக்கொண்டது. தவறான விடை.

மகள் துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்தாள். விடையை மாற்றினாள். பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். பிளந்த உதட்டையும் வீங்கிய கண்ணையும் ஒரு செவிலி பார்க்கிற பார்வை, அவ்வளவுதான். உதட்டை அவள் துடைக்கவில்லை.

"தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கிங்க" என்றாள். "கையை எடுக்காதீங்க."